பேட்ஜை நம்பி வயது சொல்லாதீர்கள்

1964 பிப்ரவரி 9 இரவு அமெரிக்காவில் சுமார் 7.3 கோடிப் பேர் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸைப் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டார் வாசித்த லுட்விக் டிரம்ஸ் போல ஒன்று வேண்டும் என்று அதன்பின் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்தார்கள். லுட்விக் விலை கட்டுப்படியாகாத பெற்றோருக்குக் கைகொடுத்தது ஜப்பான். அங்கிருந்து வந்த செட்டுகள் தூரத்துப் பார்வைக்கு லுட்விக், ஸ்லிங்கர்லாண்ட், ராஜர்ஸ் ஆகிய அமெரிக்க செட்டுகள் போலவே இருந்தன. விலையோ பல மடங்கு குறைவு. அவைதான் இன்று பரணிலிருந்து இறங்கி, 'அபூர்வம்', '1950களின் படைப்பு' என்ற விளம்பரங்களோடு விற்பனைக்கு வருகின்றன. கூடவே சில நம்பிக்கைகளும் வருகின்றன.

நம்பிக்கை: பேட்ஜில் இருப்பது தயாரித்தவர் பெயர்.

உண்மை: பெரும்பாலும் அது விற்றவர் வைத்த பெயர். இறக்குமதியாளர் என்ன பெயர் கேட்டாரோ அதைத் தகட்டில் அடித்துப் பொருத்தி அனுப்பினார்கள். கட்சுமி யனகிசாவா 1946இல் டோக்கியோவில் மியூசிக் ஸ்டாண்ட் செய்யத் தொடங்கிய பட்டறைதான் பின்னாளைய பேர்ல் டிரம் நிறுவனம். 1950இல் டிரம்ஸ் செய்ய ஆரம்பித்தது. 1961இல் சிபாவில் ஆலை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட பிராண்டு பெயர்களில் மலிவு செட்டுகளை ஏற்றுமதி செய்தது. ஆக, வெவ்வேறு பெயர் தாங்கிய இரண்டு செட்டுகள் ஒரே ஆலையில் பிறந்திருக்கலாம். இறக்குமதியாளர் அடுத்த ஆண்டு வேறு ஆலைக்கு மாறியிருந்தால், ஒரே பெயருக்குள் இரண்டு ஆலைச் சரக்கும் இருக்கலாம். லக்கின் (திருகைப் பிடிக்க டிரம்மின் பக்கத்தில் பொருத்திய உலோகப் பாகம்) வடிவத்தை வைத்து ஆலையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவர்களையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒருவருடையதைப் பார்த்து மற்றவர் வார்ப்பது அந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.

ஆனால் தயாரிப்பாளரின் சொந்தப் பெயர் பேட்ஜில் இருந்தால் ஓர் எல்லை கிடைக்கும். யமஹா டிரம்ஸ் செய்ய ஆரம்பித்தது 1967இல். நகோயாவின் ஹோஷினோ நிறுவனம் 1960களில் 'ஸ்டார்' என்ற பெயரில் விற்றது. அதன் 'டாமா' என்ற பெயர் 1974இல்தான் வந்தது. '1960களின் டாமா' என்று யாராவது விலை சொன்னால், பேரம்கூடப் பேச வேண்டியதில்லை.

நம்பிக்கை: சீரியல் நம்பரைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடலாம்.

உண்மை: இது லுட்விக் பழக்கம். 1963 இறுதியிலிருந்து அந்த பேட்ஜ்களில் எண் உண்டு. வேறு பெயரில் விற்ற மலிவு ஜப்பானிய செட்டுகளில் எண்ணே இல்லாததுதான் வழக்கம்.

நம்பிக்கை: மேலுறை மஞ்சளித்திருந்தால் மிகப் பழையது.

உண்மை: வெயில் பட்டிருக்கிறது, அல்லது வீட்டில் சிகரெட் பிடித்திருக்கிறார்கள். ஒரு லக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் அசல் நிறம் அப்படியே இருக்கும்.

நம்பிக்கை: உள்ளே லவான் மரம் என்றால் குப்பை.

உண்மை: இந்த ஏளனத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. லவான் என்பது 'பிலிப்பைன் மஹாகனி' என்று வணிகத்தில் வழங்கும் மரம். மஹாகனிக்கும் அதற்கும் உறவில்லை. நம் குங்கிலிய மரத்தின் இனம் அது. மலிவாகக் கிடைத்ததால் மலிவு செட்டுகளில் போனது, உண்மைதான். ஆனால் தி போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் வாசித்த டாமா இம்பீரியல்ஸ்டாரும் இந்த மரம்தான். அந்த ஓசையைக் குப்பை என்று யாரும் சொன்னதில்லை. மலிவு செட்டுகள் மந்தமாக ஒலிக்க வேறு காரணங்கள் உண்டு: ஷெல் (டிரம்மின் மர உடல்) மெல்லிசு, விளிம்பு மேடுபள்ளம், சில சமயம் வட்டமே சரியில்லை. ஒட்டிய மேலுறை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஹெட் (அடிக்கும் தோல்) இறுகிப் பிடித்துக்கொள்ளும். விளிம்பைப் பொறுமையாகச் சமன்செய்து நல்ல ஹெட் போட்டால், பல செட்டுகள் வாய் திறந்து பேசும்.

சரி, வயதை எங்கே தேடுவது? பேஸ் டிரம்மின் ஒரு ஹெட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய ஒட்டுப்பலகை, இரண்டு ஓரங்களிலும் அதைத் தாங்க ஒட்டிய மரவளையம், வளையம் கூடும் இடத்தில் துடைக்காமல் காய்ந்த பசை என்றால், பெரும்பாலும் 1960கள். வளையம் இல்லாமல் தடித்த ஷெல் என்றால் 1970களை நோக்கி நகருங்கள். பிறகு வெளியே வாருங்கள். பேஸ் டிரம் மேல் நீளத் தண்டவாளம் பதித்து 'டாம்' என்னும் ஒற்றைச் சிறு டிரம்மைத் தொங்கவிட்டிருந்தால், 1960களின் நடுப்பகுதி லுட்விக்கைப் பார்த்துச் செய்த நகல். நடுவில் ஒரே குழாய் இறங்கி இரண்டு டாம்களைத் தாங்கினால் பிற்பட்டது. கால்களும் அப்படித்தான்: ஷெல்லுக்குள் செருகும் மெல்லிய கம்பி முந்தியது, வெளியே மடங்கும் தடித்த கால் பிந்தியது. பிற்காலத்தில் கால் மாற்றியிருந்தால் பழைய துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய இறக்குமதியாளரின் விலைப்பட்டியல் ஒன்று கையில் சிக்கினால், இவை அத்தனையையும்விட மேல்.

இவ்வளவும் சேர்ந்தாலும் நான்கைந்து ஆண்டு இடைவெளிக்குள்தான் வயதைச் சொல்ல முடியும். துல்லியமான ஆண்டு சொல்லி விற்பவரிடம், ஷெல்லின் உட்புறப் படம் ஒன்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் 'அபூர்வம்' என்பதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.