கண்ணாடித் தொட்டியில் ஒரு தவளை

வெளியுலகம் அறியாதவரைக் ‘கிணற்றுத் தவளை’ என்று சொல்வது வழக்கம். ஆனால், உண்மையான கிணற்றுத் தவளை ஒருவகையில் கொடுத்துவைத்தது. மேலே வெயில் கொளுத்தினாலும் கிணற்றுக்குள் குளிர்ச்சி இருக்கும். வெப்பம் மிகுந்தால் அது நீரில் மூழ்கிக்கொள்ளலாம். வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் தவளைக்கு இந்த வாய்ப்பு இல்லை. அது எவ்வளவு வெப்பத்தில் வாழ வேண்டும் என்பதை அவ்வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள்.

மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெயிலில் வியர்த்தும் குளிரில் நடுங்கியும் உடல் அந்த அளவைக் காத்துக்கொள்கிறது. தவளையோ குளிர் இரத்தப் பிராணி. சுற்றுப்புறம் சூடானால் அதன் உடலும் சூடாகும். சுற்றுப்புறம் குளிர்ந்தால் உடலும் குளிரும்.

செல்லப்பிராணியாகப் பலர் விரும்பி வளர்ப்பது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வரை வளரும் இத்தவளை, நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பகலில் 24 முதல் 29 டிகிரி வரையிலான வெப்பநிலை இதற்கு ஏற்றது. இரவில் சற்றுக் குறைந்தால் தவறில்லை.

சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31 டிகிரியைத் தாண்டுகிறது. ஆகவே, குளிர்நாடுகளில் பயன்படுத்தப்படும் வெப்ப விளக்கு இங்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இங்குள்ள ஆபத்துகள் வேறு. முதலாவது, சன்னல் ஓரம். கண்ணாடித் தொட்டியின் மீது நேரடி வெயில் பட்டால், உள்ளே இருக்கும் காற்று அறையைவிட மிக வேகமாகச் சூடாகிவிடும். வெயில் அங்கே நீடித்தால் தவளை இறந்துவிடக்கூடும்.

இரண்டாவது, குளிரூட்டி. இரவு முழுவதும் 18 டிகிரியில் குளிரூட்டி இயங்கும் படுக்கையறையில் மனிதர்கள் போர்வைக்குள் நிம்மதியாக உறங்குவார்கள். ஆனால், தவளையின் செரிமானம் மந்தமாகும். மாலையில் தின்ற பூச்சி வயிற்றிலேயே தங்கிவிடும். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தையும் குறைக்கிறது. தோல் வழியாகவே நீரை உறிஞ்சும் தவளைக்கு, வறண்ட காற்றும் துன்பம் தருவதே.

தவளையால் தன் துன்பத்தைச் சொல்ல முடியாது. அதன் நடத்தையே அதன் மொழி. குளிர் மிகுந்தால் அது உண்ண மறுக்கும். அசையாமல் சோர்ந்து கிடக்கும். வெப்பம் மிகுந்தால் நீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வராது. அல்லது வெளியேற வழி தேடி அலையும்.

இவற்றைத் தவிர்ப்பது கடினமன்று. தொட்டியை வெயில் படாத, குளிரூட்டியின் காற்று நேராக வீசாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் பொருத்தி, காலையிலும் பிற்பகலிலும் இரவிலும் அளவைக் குறித்துவர வேண்டும். மூடியில் காற்றோட்டமும் உள்ளே இலை நிழலும் தேவை. கிண்ணத்து நீரை நாள்தோறும் மாற்றுவதும் அவசியம். குழாய் நீரில் கலந்துள்ள குளோரமைன் தவளையின் தோலுக்குக் கேடு விளைவிக்கும். அதை நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே நீரைப் பயன்படுத்த வேண்டும். தொட்டி சூடாகிவிட்டால், உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறம் வைக்கலாம். பனிக்கட்டியை உள்ளே போடக்கூடாது. திடீர்க் குளிர்ச்சி தவளையை அதிர்ச்சிக்குள்ளாக்கும்.

பள்ளி விடுமுறையில் வெளியூர் செல்லும் குடும்பங்கள் சன்னல்களை அடைத்து, வீட்டைப் பூட்டிச் செல்வது வழக்கம். காற்றில்லாத அந்த வீட்டில் வெப்பம் ஏறுவதைக் கவனிக்க எவரும் இருக்கமாட்டார்கள். பயணத்திற்கு முன்பே தவளையை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பதே நல்லது. அவரிடம் தொட்டியோடு, வெப்பநிலை குறித்த ஏட்டையும் கொடுத்துச் செல்ல வேண்டும். தவளையை வாங்கும் முன்னரே, அத்தகைய ஒருவர் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்ப்பது இன்னும் நல்லது.