நீர் தேங்கும் மண்ணில் மரம் நட...

ரோச்சோர் ஆற்றோரச் சதுப்பாகவும் மாட்டுப்பட்டிகளாகவும் இருந்த பகுதிதான் சிங்கப்பூரின் இன்றைய லிட்டில் இந்தியா. இங்கு ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. களிமண்ணில் அந்த நீர் எளிதில் வடியாது. சமூகத் தோட்டத்தில் மரம் நடுவோருக்குச் சில குறிப்புகள்:

* ஓரடி ஆழக் குழி வெட்டி நீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் வடிகால் போதாது.

* அங்கே ஒன்றரை அடி உயரத்தில் அகலமான மண்மேடு அமைத்து, அதன்மேல் நடுங்கள்.

* குழியின் அடியில் சரளைக்கல் போடாதீர்கள். நீர் அதற்கு மேலேயே தங்கி வேரை அழுகச் செய்யும்.

* நாவல், புங்கம், நீர்மருது ஈரம் தாங்கும். பப்பாளியும் முருங்கையும் தாங்காது.

* மண்ணின்மேல் பரப்பும் மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது.

* தேங்கும் நீரை உடனே வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் டெங்கிக் கொசு பெருகும்.

* பொது இடமாக இருந்தால், அனுமதி பெற்ற பிறகே நடுங்கள்.