நினைவு தளர்ந்த தந்தையைக் காணச் செல்லும்போது

தீபாவளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் பிள்ளைகள் தோட்டத்து வீட்டிற்கு வந்து சேருகின்றனர். எண்பது வயதைக் கடந்த தந்தை வாசலில் அமர்ந்திருக்கிறார். மூத்த மகன் குனிந்து, "அப்பா, நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்கிறார். தந்தை விழிக்கிறார். சுற்றி நிற்போர் சிரிக்கின்றனர். அடுத்து மருமகன், அதற்கடுத்துப் பேரன் என அதே கேள்வி தொடர்கிறது. சற்று நேரத்தில் முதியவர் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். "நம்மையே மறந்துவிட்டார், இனி வந்து என்ன பயன்?" என்று பிள்ளைகள் வரவைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இதில் பிழை தந்தையிடம் இல்லை. நாம் கேட்ட கேள்வியில்தான் இருக்கிறது.

பெயரொன்று சட்டென நினைவுக்கு வராமை முதுமையில் இயல்பே. உண்டதை உண்ணவில்லை என்பதும், பழகிய பாதையில் வழி தவறுவதும் மூளை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த நோயாகும். புதிய செய்திகளைப் பதிந்து வைக்கும் மூளைப்பகுதி இந்நோயில் முன்னதாகவே பழுதடைகிறது. ஆகவே காலையில் வந்துபோனவர் மறந்துபோவார். அவசரகாலத்தில் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலியோ மறவாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் வெட்டும் கத்தியைத் தேடுகிறாரெனில் அது பைத்தியமன்று. குளிர்ந்த வேளையில்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும் என்று நாற்பது ஆண்டுகள் எழுந்து பழகிய உடல் அது.

மறந்துவிடுவார் என்பதால் நம் வருகை வீணாகுமா? 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியூட்டும் காட்சிகளையும் துயரக் காட்சிகளையும் தனித்தனியே காட்டினர். சிறிது நேரத்தில் கண்ட காட்சி பெரும்பாலும் மறந்துபோயிற்று. அது எழுப்பிய உணர்வோ மறையவில்லை. நாம் வந்ததைத் தந்தை மறக்கலாம்; வந்தபோது அடைந்த மகிழ்ச்சியோ அவமானமோ அவரிடம் தங்கிவிடுகிறது.

ஆதலால் தேர்வு வைக்க வேண்டா. முன்புறமாக வந்து, அருகில் அமர்ந்து, "அப்பா, நான் உங்கள் இரண்டாவது மகள்" என்று நாமே கூறிவிடுவோம். தங்கையின் பெயரால் நம்மை அழைத்தால் அழைக்கட்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இருவர் மூவராகச் செல்வது நல்லது. வீடு நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் பேசினால் அவர் திகைத்துப்போவார்.

உடன் வேலை செய்த நண்பர்களே சிறந்த விருந்தினர் என்பது நம் கருத்து. பிரட்டுக்களம், மழை நாளில் மங்கு கவிழ்த்தது, கிராணியிடம் வாங்கிய ஏச்சு ஆகியவற்றைத் தொடங்கிவைத்தால் பேசாதவரும் பேசுவார். அதே கதையை நான்கு முறை கூறினாலும், "இதைத்தான் சொன்னீர்களே" என்று இடைமறிக்காதிருப்போம்.

மறைந்த மனைவியை அவர் தேடும்போதுதான் பலரும் தடுமாறுகிறோம். "அம்மா இறந்துவிட்டாரே" என்று ஒவ்வொரு முறையும் உரைத்தால், ஒவ்வொரு முறையும் அன்றுதான் அச்செய்தியைக் கேட்டவர்போல் அழுவார். அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. "அம்மாவின் நினைவு வந்துவிட்டதா, அப்பா? அவர் வைக்கும் மீன்குழம்பை யாரால் மறக்க முடியும்?" என்றால், அவர் தேடிய ஆறுதல் கிடைக்கும்.

ஆனால், "வயதாகிவிட்டது" என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. தைராய்டுக் கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள், விழுந்தபின் மண்டைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவு ஆகியனவும் நினைவைக் குலைக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. மறதி தென்பட்டதும் அரசாங்க மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால், தொற்றோ சர்க்கரை இறக்கமோ இருக்கலாம். அன்றே கொண்டு செல்க.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். இரவெல்லாம் விழித்து, வாசற்கதவைக் காத்து, பகலில் வேலைக்கும் செல்லும் மருமகளோ மகளோ அவ்வீட்டில் இருக்கிறார். வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கவும் அவரே எழுகிறார். அடுத்த முறை செல்லும்போது உணவை நாமே கொண்டு செல்வோம். "அப்பாவோடு நாங்கள் இரண்டு மணி நேரம் இருக்கிறோம், நீ போய்ப் படுத்துக்கொள், அம்மா" என்று அவரை உறங்க அனுப்புவோம்.