புனேவுக்கு உடற்கல்வி படிக்க வரும் பிள்ளைகளுக்கு

புனேவுக்கு வந்து இறங்கும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப்பேர் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலை தேடிப் போகிறவர்கள். உடற்கல்வி படிக்க, ஃபிட்னஸ் டிரெய்னர் ஆக என்று வருகிறவர்கள் கொஞ்சம்பேர்தான். அந்தக் கொஞ்சம்பேருக்கு, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் சொல்லும் ஒன்பது வார்த்தைகள் இவை.

1. எந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டுமா? ஏதாவது ஒரு பட்டம் முடித்து, அதன்மேல் இரண்டு ஆண்டு பி.பி.எட். படிக்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குல்டேக்டியில் இருக்கும் சந்திரசேகர் ஆகாஷே உடற்கல்விக் கல்லூரி 1977 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. ஒரு விளையாட்டில் கோச் ஆக வேண்டுமென்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோவுக்குத்தான் மதிப்பு. ஜிம் வேலைக்குச் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு போதும். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலை கேட்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள்.

ஊரில் வழியில்லை என்பதற்காகவும் வராதீர்கள். சென்னை நந்தனத்தில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

2. வந்துவிட்டீர்கள் என்றால், நகரத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

பழைய பேட்டைகளில் இன்னும் தாலீம்கள் இருக்கின்றன. செம்மண் களத்தில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நடக்கும் இடங்கள் அவை. காலையில் போய் ஓரமாக நின்று பாருங்கள். டெக்கான் ஜிம்கானாவில் 1919-இல் நடந்த ஓட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவர்களைப் பார்த்துத்தான், இந்தியர்களை ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பலாம் என்று தோராப்ஜி டாடாவுக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு ஓர் அணி போனது. பாலேவாடியில் 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரங்கம் இருக்கிறது. லோணாவாலாவில் சுவாமி குவலயானந்தா 1924-இல் கைவல்யதாமா யோக ஆய்வு மையத்தைத் தொடங்கி, யோகாசனம் உடலுக்குள் என்ன செய்கிறது என்று கருவிகள் வைத்துச் சோதித்தார். 'எல்லாம் நல்லது' என்று சொல்லிவிட்டுப் போகாமல் அவர் அளந்து பார்த்தார். அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டும்.

3. கைனீசியாலஜியை, அதாவது உடல் அசைவின் அறிவியலை, தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள்.

தசையின் பெயரைச் சொல்லத் தெரிந்தால் மார்க் கிடைக்கும். கணக்குப் போடத் தெரிந்தால்தான் காயம் தவிர்க்க முடியும். முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்குச் சமமாக வைத்து 5 கிலோ டம்பெல்லைப் பிடித்திருக்கிறார் ஒருவர். எடை மூட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. பைசெப்ஸ் தசை முன்கையைப் பற்றியிருப்பதோ மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தூரத்தில். 5-ஐ 30-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள்: 37.5. முன்கையின் எடையைச் சேர்க்காமலே அந்தத் தசை 37 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. டெட்லிஃப்ட்டில் கம்பி காலைவிட்டு நாலு விரல் தள்ளிப் போனால் இடுப்பு ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதற்கும் இதே கணக்குதான் விடை.

4. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள்.

பர்வதிக் குன்றுக்கு 103 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும். ஆனால் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாதவருக்கு இரண்டு நாள் கழித்து எழும் வலி பெரும்பாலும் அந்த வேலையால் வருவதுதான். மூட்டு வலிக்காரரைக் குன்றுக்கு அனுப்பும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வலி வந்தால்தான் பயிற்சி என்று ஜிம்மில் பேசுவார்கள், நம்பாதீர்கள். கடும் வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

5. ஒல்லியாக இருப்பவர் ஆரோக்கியமானவர் என்று முடிவுகட்டாதீர்கள்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதே புனேதான். கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், ஆங்கிலேய மருத்துவர் ஜான் யுட்கினோடு தன்னை ஒப்பிட்டு 2004-இல் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் அவர் குழு செய்த ஆய்வில், சராசரி 2.7 கிலோவுக்குப் பிறந்த குழந்தைகளிடமே இந்தப் போக்கு தெரிந்தது. தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை. ஆகவே எடை மெஷினோடு நிற்காதீர்கள், இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளவெடுங்கள். 'நீங்கள் ஒல்லிதானே, சும்மா நடந்தால் போதும்' என்று சொல்லாதீர்கள். தசையைக் கூட்டும் பயிற்சி நம் ஆட்களுக்குத்தான் அதிகம் தேவை.

6. கேள்வி கேட்காமல் கம்பியைத் தொடவிடாதீர்கள்.

நெஞ்சு வலித்ததுண்டா? மயக்கம் வந்ததுண்டா? பிரஷர், சுகர் மாத்திரை என்ன? வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா? கர்ப்பமா? இவற்றைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று பாடத்தில் இருக்கும். அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. எத்தனை ஓடினாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவரிடம் பேச்சுக் கொடுங்கள்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றோடு வந்தால் பயிற்சியே வேண்டாம்.

7. உங்கள் புஜம் உங்கள் சான்றிதழ் அல்ல.

பி.கே.எஸ். அய்யங்கார் சிறுவயதில் மலேரியாவும் காசநோயும் பட்டு மெலிந்துபோனவர். குரு கிருஷ்ணமாச்சாரியார் 1937-இல் யோகா கற்றுக்கொடுக்க அவரைப் புனேவுக்கு அனுப்பியபோது வயது பதினெட்டு. நோய்பட்ட உடம்பு என்பதால்தான் எந்த உடம்புக்கு என்ன முடியும் என்று அவருக்குப் புரிந்தது. கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி என்று துணை கொடுத்து, வளைய முடியாதவரையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்தார். நமக்குத் தைத்த சட்டையை எதிரில் நிற்பவருக்குப் போட்டுப் பார்க்கிறவன் நல்ல மாஸ்டர் ஆக மாட்டான்.

8. ஊசிக்கும் பொடிக்கும் தரகர் ஆகாதீர்கள்.

மெஃபென்டெர்மின், அறுவைச் சிகிச்சையின்போது சட்டென்று இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிடும் மருந்து. அதைக் 'களைப்பு தெரியாது' என்று ஜிம் பையன்களுக்குக் கள்ளத்தனமாக விற்றவர்களைப் புனே போலீஸ் பிடித்திருக்கிறது. ஸ்டீராய்டும் அப்படித்தான். கமிஷன் ஆசை காட்டுவார்கள். ஒரு டப்பா பொடிக்குக்கூடக் கை நீட்டாதீர்கள். முட்டையும் பருப்பும் சொல்லிக்கொடுத்தால் போதும். முதுகுத் தண்டு விலகலுக்கு வைத்தியம் செய்வதும் உங்கள் வேலை இல்லை. அதற்கு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், அனுப்பிவையுங்கள்.

9. உயிர் காக்கவும் மராத்தி பேசவும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒருவர் டிரெட்மில்லில் சுருண்டு விழுந்து, மூச்சு இல்லை என்றால், 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்டக் கூடாது. பொம்மையில் அழுத்திப் பழகாதவர் கை அந்த நேரத்தில் எழாது. வேலைக்குச் சேரும் முன்பே பயிற்சி எடுத்துவிடுங்கள். மராத்தி விஷயமும் அவசரம்தான். சதாசிவ பேட்டைப் பெரியவரிடம் 'காகா, துக்தய் கா?' (வலிக்கிறதா?) என்று கேட்டால்தான் எங்கே வலிக்கிறது என்று உண்மையைச் சொல்வார். இங்கிலீஷில் கேட்டால் 'ஓகே' என்று சொல்லிவிட்டு வலியோடு வீட்டுக்குப் போவார்.

கடைசியாக, பிழைப்பு. காலை ஆறு முதல் பத்து, மாலை ஐந்து முதல் பத்து என்று வேலை இருக்கும். நடுப்பகல் சும்மா இருக்கும். தூங்கிக் கழிக்காமல் அந்த நேரத்தில் படியுங்கள். தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான். ஆனால் ஐம்பது வயதில் உங்களிடம் வந்தவர் அறுபதிலும் உங்களிடமே வந்துகொண்டிருந்தால், அவரே இன்னும் பத்துப் பேரை அழைத்துவருவார். இந்தத் தொழிலில் விளம்பரம் அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைப் பெற அடிப்படை பலமாக இருக்க வேண்டும்; எனவே முதல் பருவத்தில் உடற்கூறு வகுப்பை ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுவது.