செவிலியர் பணியில் வழக்கமும் சான்றும்

மருத்துவமனைகளில் செவிலியர் ஆற்றும் பணிகளுட் பல, மூத்தோரைப் பார்த்து இளையோர் பயின்றவை. இவ்வழக்கங்களுள் நன்மை தருவனவும் உண்டு. தீங்கு விளைப்பனவும் உண்டு. படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்குப் புண் தோன்றாதிருக்க, முதுகில் சிவந்த இடத்தை ஸ்பிரிட்டு இட்டு அழுத்தித் தேய்த்தல் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அங்ஙனம் தேய்ப்பதால், நலிந்த தசை மேலும் சிதையக்கூடும் எனப் பின்னர் அறியப்பட்டது. உரிய இடைவெளியில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தைத் தணிப்பதே இன்று வலியுறுத்தப்படுகிறது. சோதித்தறிந்த சான்றையும், செவிலியின் அனுபவத்தையும், நோயாளியின் விருப்பத்தையும் ஒருங்கே கருதிச் செயற்படுவதே சான்றுவழிச் செவிலியமாகும்.

கேரளம் கற்ற பாடம்

2018 மே மாதத்தில் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிப்பா வைரசு நோய் தோன்றிற்று. ஆய்வகச் சோதனையில் 18 பேருக்கு நோய் உறுதியாயிற்று. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைப் பேணிய செவிலி லினி, மே 21ஆம் நாள் அந்நோய்க்கே இரையானார். அவர் பணிவிடை செய்த வேளையில் அது இன்ன நோயென்பதை எவரும் அறியார். நோயுற்றோருட் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலேயே, இருமும் நோயாளியை நெருங்கியிருந்தமையால் தொற்றுப் பெற்றனர் என்பது பின்னர் ஆராய்ச்சியால் புலனாயிற்று.

2019 ஜூன் மாதத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 21 வயது மாணவர் ஒருவருக்கு இந்நோய் உறுதிப்பட்டது. அவர் தனிமைப்படுத்தப்பட்டார், காப்புடையும் முகக்கவசமும் அணிந்தோரே அவரைப் பேணினர், அவரோடு தொடர்புற்ற 300க்கு மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். நோய் வேறு எவருக்கும் பரவவில்லை, மாணவரும் நலமுற்றார். நிப்பா நோயாளிகள் எல்லோரும் நோயைப் பரப்புவதில்லையாதலின், இந்நிகழ்ச்சி ஒன்றையே முழுச் சான்றாகக் கொள்ளலாகாது. எனினும், இரண்டையும் ஒப்பிட்டு நோக்குங்கால் ஓர் உண்மை விளங்கும்: நோயின் பெயர் தெரிந்தபின் காப்பைத் தேடுவது காலங்கடந்த செயலாகிவிடக்கூடும்.

அன்றாட வார்டில்

காய்ச்சலும் இருமலும் உடையோர், கொச்சியின் பள்ளுருத்தியிலுள்ளதைப் போன்ற தாலுகா மருத்துவமனைகளுக்கே முதலில் வருவர். ஆதலின் இருமுவோருக்கு முகக்கவசம் அளித்தலும், ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுதலும் எந்நாளும் நிகழவேண்டும்.

இதற்கு வழி எளிது. கைகழுவவேண்டிய தருணங்கள் எத்தனை, கழுவியவை எத்தனை என ஒரு வாரம் எண்ணிக் குறிக்கவேண்டும். தவறியவற்றுக்குக் காரணம் சோப்பின்மையா, குழாயின் தொலைவா, ஆட்குறைவா என ஆராய்ந்து நீக்கியபின், மீண்டும் எண்ணவேண்டும். குறைந்த எண்ணிக்கைக்காக எவரையும் தண்டித்தல் கூடாது; தண்டனைக்கு அஞ்சுமிடத்தில் குறிப்பேடு பொய் பேசும்.

"இதற்குச் சான்று யாது?" என மாணவச் செவிலி வினவும்போது, தலைமைச் செவிலி அதனைப் பணிவின்மையாகக் கருதாது விடை காண முற்படவேண்டும். அதற்குரிய நேரத்தை ஒதுக்குதல் நிருவாகத்தின் கடமையாகும்.