தென்னை ஏன் மறைகிறது?

எங்கள் வகுப்பு விழிஞ்ஞம் போகும் வழியில், கடற்கரைக்குப் பக்கத்தில் நடக்கிறது. படிக்க வருபவர்களில் பாதிப் பேர் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர்கள். கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. மீன் விற்கிறவர்கள் உண்டு. சுமை தூக்குகிறவர்களும் உண்டு.

ஒரு நாள் சாயங்காலம், சுமை தூக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பூமி தட்டையானது, உருண்டை என்பது பொய், ராக்கெட்டிலிருந்து எடுத்த படங்களும் பொய் என்றார்.

"இது நெசமா டீச்சர்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இல்லை அண்ணாச்சி. பூமி உருண்டைதான். பாடப் புத்தகத்திலேயே இருக்கே" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"போன்ல ஒருத்தர் சொல்றாரு. புத்தகத்தில ஒருத்தர் சொல்றாரு. ரெண்டையும் நான் பார்த்ததில்ல. எழுத்துத் தெரியாத காலத்தில அடுத்தவங்க சொன்னதையெல்லாம் நம்பினோம். வட்டிக்காரன் எழுதின கணக்கையும் நம்பிக் கைநாட்டு வச்சோம். படிச்ச பிறகும் அப்படியேதானா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தானே?

பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டா தொண்டையைச் செருமினார். கட்டுமரத்தில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர் அவர். எழுத்துக் கூட்டி இப்போதுதான் வாசிக்கிறார்.

"மக்கா, கடலுக்குள்ள போகும்போது கரை எப்படி மறையும் தெரியுமா? முதல்ல மணல் மறையும். பிறகு குடிசை மறையும். தென்னை அடியிலேருந்து மறைஞ்சுக்கிட்டே வரும், கடைசியில கொண்டை மட்டும் நிக்கும். பிறகு அதுவும் போயிரும். கோயில் கோபுரம் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும். அதுவும் போன பிறகு மலைதான். மலை எவ்வளவு தெரியுதுன்னு பார்த்துத்தான் கரை எவ்வளவு தூரம்னு சொல்லுவோம்."

"தூரமாப் போனா எல்லாம் சின்னதாத்தானே தெரியும்?" என்றார் அண்ணாச்சி.

"சின்னதாகும். ஆனா அடி ஏன் முதல்ல போகணும்? முழு மரமும் சேர்ந்துல்லா சின்னதாகணும்?"

"அலை மறைச்சிருக்கும்."

"கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிற நாள்லயும் அப்படித்தான் மறையும்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் கரும்பலகையில் ஒரு பெரிய வளைவு வரைந்தேன். அதன் ஒரு பக்கம் தென்னை. மறுபக்கம் கட்டுமரம். நடுவில் தண்ணீரே மேடுபோல் எழுந்து நிற்கிறது. அந்த மேடுதான் தென்னையின் அடியை மறைக்கிறது.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். கண் தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல் சுமார் நாலரை கிலோமீட்டர் வரைதான் தெரியும். அங்கே வானமும் கடலும் தொடுவதுபோல் இருக்கும். அதைத் தொடுவானம் என்கிறோம். கரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் 20 மீட்டர் தென்னை முழுவதும் மறைந்துவிடும். அகத்தியர் மலையின் உயரம் 1,868 மீட்டர். அதனால்தான் வானம் தெளிவாக உள்ள நாளில் அது வெகு தூரம் வரை தெரிகிறது.

பாட்டா சொன்ன இதே நியாயத்தைப் பழைய காலத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் லல்லர். வானக் கணக்கு அறிஞர். 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். பூமி தட்டையாக இருந்தால், பனைபோன்ற உயரமான மரங்கள் தூரத்திலிருந்து ஏன் தெரிவதில்லை என்று அவர் கேட்டார். அவர் கேட்டது பனையை, பாட்டா சொன்னது தென்னையை!

"அப்படின்னா நம்ம கண்ணுக்குப் பூமி ஏன் தட்டையாத் தெரியுது?" என்று மீன் விற்கும் அக்கா கேட்டார்.

உடைந்த வளையல் துண்டைப் பாருங்கள். வளைவு தெரிகிறது. தேர்ச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு விரல் நீளத்தை மட்டும் பாருங்கள். நேராகத்தான் தெரியும். பூமியைச் சுற்றி வர 40,000 கிலோமீட்டர். நாம் பார்ப்பது அதில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. பாஸ்கரர் என்ற அறிஞரும் 1150-இல் இப்படித்தான் விளக்கினார்.

அக்கா விடவில்லை. "அடிப்பக்கம் இருக்கிறவங்க விழுந்திர மாட்டாங்களா?"

நல்ல கேள்வி. ஆரியபட்டர் 499-இல் தம் நூலை எழுதினார். அவர் பூமியைக் கடம்பம்பூவுக்கு ஒப்பிட்டார். கடம்பம்பூ பந்துபோல இருக்கும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிறு சிறு பூக்கள் ஒட்டியிருக்கும். அதுபோல உயிர்கள் பூமியைச் சுற்றி வாழ்கின்றன என்றார். பூமி எல்லாவற்றையும் தன் நடுவை நோக்கி இழுக்கிறது. அதனால் எந்த ஊரில் நின்றாலும், காலுக்குக் கீழே இருப்பதுதான் 'கீழ்'.

அக்காவின் மகன் துபாயில் வேலை செய்கிறார். அதை வைத்தே இன்னொன்று பேசினோம்.

"ராத்திரி ஏழு மணிக்கு நீங்கள் போன் செய்தால் அங்கே மணி என்ன அக்கா?"

"அஞ்சரை. 'இன்னும் வெயில் அடிக்குதும்மா'ன்னு சொல்லுவான்."

பூமி தட்டைப் பலகையாக இருந்தால், மேலே ஏறும் சூரியன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். இங்கே இருட்டும்போது அங்கே எப்படி வெயில் அடிக்கும்? உருண்டையான பூமி சுழல்கிறது. நம் பக்கம் முதலில் இருட்டுக்குப் போகிறது. துபாய் பிறகு போகிறது.

"போன்ல அதுக்கும் பதில் சொல்றாரு. சூரியன் விளக்கு மாதிரி மேலேயே சுத்திச் சுத்தி வருதாம்" என்றார் அண்ணாச்சி.

"அப்படின்னா விளக்கு தள்ளிப் போகப் போகச் சின்னதாகணும். கோவளத்தில சாயங்காலம் சூரியன் சின்னதாவா ஆகுது? அடியிலேருந்து முங்குது. தென்னை மாதிரி!" என்றார் பாட்டா.

அன்று நான் ஒரு பாடமும் நடத்தவில்லை. நடத்தியவர் பாட்டா.

ஆனால் அண்ணாச்சி அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பார்க்கணும்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிலர் சேர்ந்து போனோம். விழிஞ்ஞத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிப் பெரிய கப்பல்கள் போகும் வழி இருக்கிறது. 2024 ஜூலை முதல் பெட்டி ஏற்றிய பெரிய கப்பல்கள் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கே வருகின்றன. மணலில் நின்று ஒரு தொலைநோக்கியில் பார்த்தோம். தூரத்தில் ஒரு கப்பல் போனது. அடுக்கிய பெட்டிகள் தெரிந்தன. கப்பலின் அடி தெரியவில்லை.

பிறகு கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். 1972-இல் வந்த அந்தக் கோபுரத்தின் உயரம் 36 மீட்டர். மேலே காற்று பலமாக அடித்தது. அதே கப்பலை அண்ணாச்சி தேடிப் பிடித்தார். இப்போது அதன் அடியும் தெரிந்தது.

அவர் வெகு நேரம் பேசவில்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார்:

"பூமி தட்டைன்னா, விளக்கை இவ்வளவு உயரத்தில எதுக்கு வைக்கணும் டீச்சர்? மணல்லயே வச்சிருக்கலாமே?"

செய்து பாருங்கள்

கடலுக்குப் போகிற ஒருவரிடம் கேளுங்கள்: கரை மறையும்போது முதலில் மறைவது எது? கடைசியில் மறைவது எது? அவர் சொன்னதை உங்கள் நோட்டில் ஐந்து வரியில் எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் அங்கே சூரியன் மறையும் நேரம் கேளுங்கள். நம் ஊரில் அப்போது மணி என்ன? இரண்டையும் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.