தரை விளக்கை மாற்றும் முன்

சமையலறை டைல்ஸில் பதித்த விளக்கு எரியாவிட்டால் விளக்கையே குறை சொல்வோம். பல சமயம் கெட்டது அடியிலுள்ள வயர் இணைப்புதான். எரியும்போது சூடாகும் விளக்கு அணைத்ததும் குளிரும். உள்ளே காற்று சுருங்கி, தரை கழுவிய ஈரத்தை வயர் வழியே இழுக்கும். சிறுவாணித் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, உப்பு போர் தண்ணீரில் தரை கழுவும் கோவை வீடுகளில் செம்புக் கம்பி பச்சை பூப்பது இதனால்தான். 'ஐபி67 வாங்கினால் போதாதா?' என்பார்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற அந்த உறுதி விளக்குக்கு மட்டும். டேப் சுற்றிய இணைப்புக்கு இல்லை. அங்கே ஜெல் நிரப்பிய கனெக்டர் வேண்டும்.

ஈரத்தரைக்கு 230 வோல்ட் வரவே வேண்டாம்; மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரைவரை மேலே அலமாரியில் வைத்து 12 வோல்ட்டை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் இறக்கச் சொல்லுங்கள். செலவு கூடும்தான், ஆனால் வெறுங்காலோடு நிற்கிற இடமாயிற்றே. மெயினை அணைத்து, பழைய துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போனால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது.